பெரியம்மா நடந்து வந்த சுருள்

சாப்பாட்டு மேசைக்கு மேலே, ஜன்னல் கம்பியிலிருந்து அலமாரிக் கைப்பிடி வரைக்கும் ஒரு நூல் கட்டியிருந்தேன். நூல் முழுக்கத் துணி கிளிப்புகள். ஒவ்வொரு கிளிப்பிலும் ஒரு முழம், அரை முழம் என்று பிலிம் துண்டுகள் தொங்கின. மின்விசிறி போட முடியாது. போட்டால் என் தம்பியின் காதுகுத்தும் காரமடைத் தேரும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

சித்திரை மாதத்து மத்தியானம். நானும் தம்பி குமாரும் ஆளுக்கொரு துண்டைக் கையில் வைத்து வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிரே அம்மா, எண்பதைத் தாண்டியவர், நாளிதழில் வரும் எண் கட்டத்தைப் பேனாவால் நிரப்பிக்கொண்டிருந்தார். பென்சிலால் நிரப்புகிறவர்களை அவர் மதிப்பதில்லை.

"அந்தக் காத்தாடியப் போட்டுத் தொலைங்க சாமி. அக்காளும் தம்பியும் சேந்து என்னைய வேக வெக்கறீங்க" என்றார்.

அப்போதுதான் போன் அடித்தது. சோமனூரிலிருந்து ருக்குமணி அக்கா.

"ஏனுங் கண்ணு, எங்கம்மா வந்துட்டாங்களா?"

"இன்னும் இல்லீங்கக்கா. மூணு சுருள் பாக்கி இருக்குதுங்க."

"செரி செரி. அவசரமில்ல. வந்தாச் சொல்லு."

அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டே அந்த வாரத்தில் ஐந்தாவது தடவையாகக் கூப்பிட்டிருந்தார். அக்காவின் அம்மா, அதாவது என் பெரியம்மா, இறந்து ஐம்பது வருஷம் ஆகப்போகிறது.

ஒரு கொண்டையும் ஒரு காதும்

ருக்குமணி அக்கா என் பெரியப்பாவின் மகள். சோமனூரில் தறி ஓட்டும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அங்கேயே நடந்த அவர் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. எனக்குப் பொன்னுக்கு வீங்கி. இரண்டு கன்னமும் உப்பிப்போய் கோயமுத்தூரில் பக்கத்து வீட்டு மாமியிடம் ரசம் சோறு தின்றுகொண்டிருந்தேன். அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை என்பது வேறு விஷயம்.

பெரியம்மாவுக்குப் போட்டோ என்றால் ஆகாது. பயமெல்லாம் இல்லை, கூச்சம். "என்ர மூஞ்சிய எதுக்குங்க, நல்ல மூஞ்சியாப் பாத்து எடுங்க" என்று சமையல் கட்டுக்குள் போய்விடுவாராம். அக்காவின் கல்யாணக் குரூப் போட்டோவில் வலுக்கட்டாயமாக இழுத்து நிறுத்தியிருக்கிறார்கள். சரியாக அந்த நொடியில் யாரையோ கூப்பிடத் திரும்பிவிட்டார். படத்தில் ஒரு கொண்டையும் ஒரு காதும்தான் இருக்கின்றன. அதைத்தான் அக்கா சட்டம் போட்டு மாட்டி, ஐம்பது வருஷமாகப் பொட்டு வைத்துக் கும்பிடுகிறார்.

அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் போய்விட்டார். அக்கா அப்போது வாயும் வயிறுமாக இருந்தார்.

ஆனால் அக்காவுக்கு ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. தாலி கட்டி முடிந்த மத்தியானம், பந்தலுக்குப் பின்னால், என் அப்பா சினிமா கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பெரியம்மா வெற்றிலைத் தட்டோடு நேராக நடந்து வருகிறார். சிரித்துக்கொண்டே ஏழெட்டு அடி. அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார்.

"சிரிச்சது ஞாபகம் இருக்குது கண்ணு. மூஞ்சிதான் இப்பல்லாம் வரமாட்டீங்குது" என்றார் அக்கா ஒருநாள் போனில். அதைக் கேட்டபிறகு இந்த வேலை எனக்கு விளையாட்டாக இல்லை.

ஜபார் பாயின் நிபந்தனை

அப்பா போனபின் பீரோவின் அடித்தட்டில் ஒரு பெரிய பிஸ்கட் டின் அப்படியே கிடந்தது. போன மாதம்தான் திறந்தோம். திறந்ததும் புளித்த காடி நெடி. உள்ளே பதினொரு குட்டிச் சுருள்கள்.

கோட்டைமேட்டில் ஜபார் பாய் என்று ஒருவர். பழைய பாட்டு நாடாக்கள், பழைய படச்சுருள்கள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருவார். ஒரு சுருளை எடுத்து, சந்தையில் மாம்பழம் பார்ப்பவர் போல மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"அம்மணி, இத அப்படியே மிசின்ல உட்டா பழைய ஒட்டெல்லாம் உட்டுப்போகும்ங்க. வெறும் வெள்ளையா இருக்கறது, கருப்பா இருக்கறதையெல்லாம் வெட்டிப்போட்டு, புதுசா ஒட்டி, ஒரே பெரிய சுருளாக் கொண்டாங்க."

"நீங்களே பண்ணித் தரமாட்டீங்களா பாய்?"

"பண்ணலாம்ங்க. ஆனா எது வேணும், எது வேண்டாம்னு நான் எப்படிங்க சொல்றது? எனக்கு வெறும் கால் மாதிரித் தெரியறது உங்களுக்கு உங்கப்பாரு காலா இருக்கும்ங்க. நாளைக்கு, வெட்டிப்போட்டீங்களேன்னு வந்து நிப்பீங்க."

நியாயம்தான். கையால் சுற்றிப் பார்க்கிற வியூவர் ஒன்றையும், ஒட்டுகிற கட்டை ஒன்றையும் இரவல் கொடுத்தார். வியூவரின் திரை சீட்டு அட்டை அளவு. கட்டையில் சின்னச் சின்ன முளைகள் இருக்கும். பிலிமின் ஓட்டைகளை அதில் பொருத்தி, இரண்டு முனையையும் நேராக வெட்டி, மேலே மெல்லிய டேப் போட வேண்டும்.

நான் எழுதிவரும் இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் கத்தரிக்கோலைத் தெரியும். நாற்பது வருஷம் ஜாக்கெட் தைத்தவள் நான். வெட்டுவதும் சேர்ப்பதும் எனக்கு ஒரு பெரிய வேலையா என்று பாயிடம் ஜம்பமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

தலைகீழ்ப் பந்தி

முதல் ஒட்டிலேயே மானம் போயிற்று. தம்பியின் காதுகுத்து விசேஷத்துப் பந்தியை முனை மாற்றி ஒட்டிவிட்டேன். குமார் கைப்பிடியைச் சுற்றினான். சொந்தக்காரர்கள் எல்லாரும் தலைகீழாக உட்கார்ந்து, வாயிலிருந்து சோற்றை எடுத்து இலையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் டம்ளருக்குள் பாயசத்தைத் துப்பி நிரப்பினார்.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "சாப்பாடு அன்னிக்கு நல்லாத்தான இருந்துது. ஏன் எல்லாரும் திருப்பிக் குடுக்கறாங்க?" என்றார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு துண்டின் தலைப்பக்கத்திலும் ஒரு சிவப்பு நூல் கட்டினேன். ஜாக்கெட் துணியில் எந்தக் கை எந்தப் பக்கம் என்று அடையாளம் வைப்போமே, அந்தப் பழக்கம்.

அப்பாவின் கதாநாயகன்

அப்பா பம்புசெட் விற்பவர். கோயமுத்தூர் பம்பை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்று மேட்டில் ஓட்டிக் காட்டுவார். அந்தக் கேமரா சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு சிநேகிதர் கொடுத்தது. சாவி கொடுத்தால் ஓடும். பிலிம் கிடைப்பது அப்போது குதிரைக் கொம்பு. கிடைத்தாலும் ஒரு சுருள் நாலு நிமிஷம்தான். எடுத்து முடித்துப் பம்பாய்க்குத் தபாலில் அனுப்பினால், கழுவி வருவதற்குள் காது குத்திய புண் ஆறிக் கடுக்கன் போட்டிருப்பார்கள்.

அவ்வளவு அருமையான பிலிமில் மனுஷர் என்ன எடுத்திருக்கிறார் என்கிறீர்கள்? பம்பு. பதினொன்றில் நாலு சுருள் பம்பு. பெருந்துறைப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில், குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. கொட்டுகிறது. கொட்டிக்கொண்டே இருக்கிறது. நடுவில் ஒரு எருமை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. அம்மா மொத்தம் ஒன்பது விநாடி வருகிறார். எருமை இருபது விநாடி.

குரூப்பில் எழுந்த அலை

குமார் வாய் சும்மா இருக்காது. சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குரூப்பில் விஷயத்தைப் போட்டுவிட்டான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.

"சோமனூர்க் கல்யாணத்துல நான் ஊஞ்சல்ல உக்காந்திருந்தேன், உங்கப்பாரு எடுத்தாருங்க." "எங்க மாமனாரத் துண்ட மாத்திப் போடச் சொல்லி ரண்டு தடவ எடுத்தாருங்க." "என்ர மகன முழுப்பிறந்தமேனியா எடுத்தாரு, அத மட்டும் குரூப்புல போட்டுறாதீங்க."

முப்பது பேருக்கு மேல் கேட்டிருப்பார்கள். ஒருவர்கூடச் சுருளில் இல்லை. ஊஞ்சல் இல்லை, மாமனார் இல்லை, பிறந்தமேனிப் பையனும் இல்லை. சோமனூர்க் கல்யாணச் சுருள் ஒன்றே ஒன்று. அது தாலி கட்டியதும் படக்கென்று நின்றுவிடுகிறது.

"அம்மா, அடுத்த சுருள் எங்கீங்க?" என்று கேட்டேன்.

"அடுத்த சுருளா? ஒண்ணுதான் கொண்டுபோனாரு."

"சாயங்காலம் வரைக்கும் எடுத்தாருன்னு எல்லாரும் சொல்றாங்களே?"

"எடுத்தாரு. பிலிம் இல்லாம எடுத்தாரு." அம்மா ஒரு கட்டத்தில் ஏழு என்று எழுதினார்.

நானும் குமாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"பின்ன என்ன பண்றது? ஒருத்தரப் புடிச்சுப்போட்டுப் பக்கத்துல நிக்கறவங்கள உட்டா மனத்தாங்கலாப் போயிருமில்ல? அத்தன பேருக்கும் பிலிமுக்கு எங்க போறது? அதான் வெறுங் கேமராவத் தூக்கிட்டு எல்லாத்துக்கும் ஒரு சுத்துச் சுத்துவாரு. சத்தம் ஒரே மாதிரிதான வரும்? அவங்களுக்கும் சந்தோசம்."

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்து விசேஷங்களில் பந்தலுக்குள் வருகிற ஒவ்வொருவரையும் முகம் பார்த்து "வாங்க" என்று கேட்டாக வேண்டும். மொத்தமாகக் கும்பிடு போட்டால் கணக்கில் வராது. பெருந்துறை மாமா ஒருவர், தன்னை வாங்க என்று கேட்கவில்லை என்று பன்னிரண்டு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கேட்டிருக்கிறார்கள், மேளச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அப்பாவின் காலிக் கேமரா ஓர் ஓடுகிற "வாங்க". எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

பாதிச் சிரிப்பில் அக்காவின் ஞாபகம் வந்தது. தாலி கட்டியதோடு பிலிம் முடிந்துவிட்டது. பெரியம்மா நடந்து வந்தது அதற்குப் பிறகு.

என் கைவேலை

இரண்டு நாள் அக்காவின் போனை எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? ஐம்பது வருஷமாக நீங்கள் நம்பிக்கொண்டிருந்த படத்தை எங்கள் அப்பா பிடிக்கவே இல்லை என்றா?

மூன்றாம் நாள், அம்மா மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது, குமார் ஒரு துண்டைக் காட்டினான். பெருந்துறைப் பம்புச் சுருளில் ஓர் ஓரத்தில் ஒரு பெண். அரக்குச் சேலை, பெரிய கொண்டை, கையில் தட்டு. முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறார். நாலு விநாடி. யாரென்று எங்களுக்குத் தெரியாது. தோட்டத்துக்காரர் வீட்டு அம்மாவாக இருக்கலாம்.

"அக்கா, இத அங்க ஒட்டிப்போடுங்க" என்றான்.

"டேய், வேற ஆரோ டா."

"முதுகுதானுங்க. ஆருக்குத் தெரியும்? அப்பா வெறுங் கேமராவ வெச்சுட்டு அத்தன பேர் மனசையும் நோகாமப் பாத்துக்கலீங்களா? நாம ஒருத்தருக்குப் பண்ணுனா என்ன?"

கொஞ்சம் யோசித்தேன். கொஞ்சம்தான். அக்கா வீட்டுச் சட்டத்தில் இருக்கிற கொண்டையும் இந்தக் கொண்டையும் ஒன்று போலவே இருந்தன. வெட்டினேன், முளையில் பொருத்தினேன், டேப் போட்டேன். தாலி கட்டுகிறார்கள், மங்கல அரிசி விழுகிறது, அரக்குச் சேலைக்காரர் நடந்து போகிறார். என் கையிலிருந்து வந்த ஒட்டுகளிலேயே அதுதான் சுத்தமான ஒட்டு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

சோமனூருக்குப் போன் போட்டேன். "அக்கா, வந்துட்டாங்க. ஆனா முதுகுதாங்க தெரியுது."

பாயிடம் கொடுத்து, மாற்றி, போனில் அனுப்ப எப்படியும் பத்து நாள் ஆகும், அதற்குள் எனக்குத் தைரியம் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

"நாளைக்கே வாரேன் கண்ணு" என்றார் அக்கா.

அக்கா கைப்பிடியைச் சுற்றினார்

மறுநாள் காலை பத்து மணிக்கே வந்துவிட்டார். பட்டுச்சேலை. எழுபது வயதில் அந்த வெயிலில் பேருந்தில் பட்டு உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார். காபி வேண்டாம் என்றார். கை கால் கழுவி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வியூவர் முன்னால் உட்கார்ந்தார்.

நான் சுற்றுகிறேன் என்றேன். அவரே சுற்றுவதாகச் சொன்னார்.

மெதுவாகச் சுற்றினார். தாலி. அரிசி. அப்புறம் அரக்குச் சேலை. கை நின்றது. திரும்பப் பின்னால் சுற்றினார். மறுபடியும் முன்னால். முகத்தைத் திரைக்கு ஒரு விரற்கடை தூரத்துக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். குமார் நைசாக எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான்.

"இது எங்கம்மா இல்லீங்க கண்ணு."

"அக்கா..."

"எங்கம்மா கடைசி வரைக்கும் பின்கொசுவந்தான் வெச்சுக் கட்டுனாங்க. இந்தம்மாளுக்கு முதுகுப் பக்கம் கொசுவமே இல்லீங்களே."

சேலையின் மடிப்பை முன்னால் செருகாமல் பின்பக்கம் விசிறி விட்டுக் கட்டுவது எங்கள் பக்கத்துப் பழைய கட்டு. பெரியம்மா வயதுப் பெண்கள் வேறு மாதிரி கட்டிப் பார்த்ததே இல்லை. நாற்பது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்த நான் கொண்டையைப் பார்த்தேன், நிறத்தைப் பார்த்தேன், ஜாக்கெட் வெட்டைக்கூடப் பார்த்தேன். கொசுவத்தைப் பார்க்கவில்லை.

அக்கா கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. ஏதோ தப்பாகிவிட்டது, வேறு துண்டு இருக்கும் என்பதுபோல் நூலில் தொங்குவதையெல்லாம் பார்த்தார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டியது நான்தான் என்றேன். சோமனூரில் தாலி கட்டியதோடு பிலிம் தீர்ந்துபோனதையும் சொன்னேன்.

"அப்ப சித்தப்பா சும்மாதான் புடிச்சுட்டு நின்னாருங்களா?"

"ஆமாங்கக்கா."

"எங்கம்மா சிரிச்சது எங்கியுமே இல்லீங்களா?"

"இல்லீங்கக்கா."

கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். பட்டுச்சேலை முந்தானையால் ஒரு கண்ணைத் துடைத்தார், அப்புறம் இன்னொன்றை. எனக்கு என்மேலும் கோபம், அப்பா மேலும் கோபம். இருபது விநாடி எருமைக்கு இருந்த பிலிம் அன்றைக்கு இல்லாமல் போயிற்றே என்று வாய்விட்டே சொன்னேன்.

எதிரே எண் கட்டம் போட்டுக்கொண்டிருந்த அம்மா பேனாவை மூடிவைத்தார்.

"ருக்குமணி, உங்கம்மாளுக்குத் தெரியும்."

"என்னங்க சின்னம்மா?"

"கேமரா வெறுசுன்னு தெரியும். உங்கம்மா என்ர காதுகிட்ட வந்து, 'ஏம்மிணி, உள்ள பிலிம் இருக்குதா?'ன்னு கேட்டாங்க. 'தீந்துபோச்சுங்க, சும்மாதான் சுத்தறாரு'ன்னேன். 'அப்பச் செரி'ன்னுபோட்டுத் தட்டத் தூக்கிட்டு வந்தாங்க. உள்ள பிலிம் இருந்திருந்தா அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டாங்க."

"இத ஏம்மா இத்தன நாளாச் சொல்லலீங்க?" என்றேன் நான்.

"ஆரு கேட்டீங்க? பூராப் பேரும் பிலிமத்தான கேட்டீங்க."

அக்கா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "படத்துல ஒண்ணும் உழுகாதுன்னு தெரிஞ்சேதான் சிரிச்சாங்களா?"

"தெரிஞ்சேதான்."

"நான் சித்தப்பா தோளுக்குப் பக்கத்துலதானுங்க நின்னேன்."

"ஆமா. மாலையோட நின்ன. உங்கப்பாரு மாலையக் கழட்டுன்னு சொல்லச் சொல்லக் கழட்டாம நின்ன."

"அப்ப அவங்க கேமராவப் பாத்துச் சிரிக்கலீங்க சின்னம்மா."

அம்மா அக்காவின் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா இப்போதும் அழுதுகொண்டுதான் இருந்தார். ஆனால் முகம் மாறியிருந்தது. பால்கனியிலிருந்து குமார் எட்டிப் பார்த்துவிட்டு, அழுகிறார்கள் என்று மறுபடியும் வெளியே போனான்.

ரொம்ப நேரம் கழித்து அக்கா வியூவரை என் பக்கம் நகர்த்தினார். திரையில் அரக்குச் சேலைக்காரர் தட்டோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"இந்தம்மாள வெட்டி எடுத்து, அவங்க எடத்துலயே ஒட்டிப்போடு கண்ணு" என்றார். "அவங்களையும் ஆராச்சும் தேடிட்டிருப்பாங்க."